சர்க்கார் கஞ்சியும் மல்லாட்டைக் கொட்டகைக் கூலியும்

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். இன்றைக்கு எனக்கு அந்த மனசு இல்லை. நீயும் மருமகளும் நன்றாகத்தான் இருப்பீர்கள். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சிதம்பரத்தில் மாமனார் கொடுத்த இடத்தில் சொந்தமாகக் கொட்டகை போட்டுவிட்டேன், விதைக்கடலை வியாபாரம் ஆரம்பிக்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை, அதிகாரிகளும் வருகிறார்கள், முதுநகரிலிருந்து நன்றாக உரிக்கத் தெரிந்த பொம்பளைகள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, வாரம் முழுக்க இங்கேயே தங்கி வேலை செய்யட்டும் என்று எழுதியிருந்தாய். பெருமை தாங்காமல் பல்கீசு அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அதே வேகத்தில் அடுத்த வரியையும் படித்துத் தொலைத்தேன். "அங்க எல்லாருக்கும் ரேஷன் கார்டு இருக்குது, புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சோறு போடறாங்க, அதனால இந்த ஊர்க் கூலிய விடக் கொறச்சே பேசி முடிச்சிடும்மா." பல்கீசு அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒம் மவன் தொழில நல்லாத்தான் கத்துகினு இருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இருபது வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை, நீ இப்போது கடலை என்று எழுதுகிறாயே அதை, உரித்தவள். அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்த வரியை நீ எழுதவில்லை, உன் மாமனார் சொல்லி எழுதினாய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. ஏனென்றால் அந்த வரியை நான் இதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே முதுநகரில், நம் முதலாளி வாயிலிருந்து. சொல்லும் அதுதான், அதிலிருந்த சிரிப்பும் அதுதான். அந்த மனுஷனை நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, பல்கீசு அக்காவையும் அன்றைக்கு என்னோடு இருந்த நாலு பேரையும் தவிர. இப்போது உனக்குச் சொல்கிறேன். மகனுக்குச் சொல்வதாக நினைக்காதே. ஒரு முதலாளிக்குச் சொல்கிறேன்.

அந்தக் கொட்டகை உனக்கு நினைவிருக்கும். ஸ்டேஷன் பக்கம், தகரக் கூரை போட்டது. விதைக்கு உரிக்கும் மல்லாட்டையை மிஷினில் போட முடியாது. பருப்பு உடைந்துவிடும், மேல்தோல் கிழிந்தாலும் முளைக்காது. அதனால் கைதான். காய்ந்த காயை விரலால் அமுக்கி மூக்கை உடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று மரக்கால் உரித்தால் கட்டைவிரல் நகம் பிய்ந்து தொங்கும். காலையில் உள்ளே போகும்போது முதலாளி ஆளுக்கு இரண்டு வெற்றிலை, ஒரு துண்டுப் பாக்கு தருவார். பார்க்கிறவர்கள் என்ன தாராளம் என்பார்கள். வாயில் வெற்றிலை இருந்தால் பருப்பைத் தின்ன முடியாது பார், அதற்குத்தான். துப்பும்போது சிவப்பில் வெள்ளை கலந்திருக்கிறதா என்று மேஸ்திரி குனிந்து பார்ப்பான். இப்படிப்பட்ட இடத்திலும் ஒரு நியாயம் இருந்தது. மரக்காலுக்கு இவ்வளவு என்று கூலி, அதோடு மத்தியானம் ஒரு பெரிய சொம்புக் கேழ்வரகுக் கூழ். கூழும் கூலிதான், அது தர்மம் இல்லை. பாதியைக் குடித்துவிட்டுப் பாதியைத் தூக்கில் ஊற்றிக் கொண்டு வருவேன். நீயும் உன் தங்கையும் அதைக் குடித்துத்தான் ராத்திரி படுத்தீர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கி உன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, அந்தத் தூக்குச் சட்டிதான் நம் வீட்டுக்கு ஆம்பளை.

அந்த வருஷம் கார்த்திகையில் கெடிலம் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சர்க்கார் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் தொட்டி இருந்தது எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில். போய், வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டு வருவதற்குள் பாதி நாள் போய்விடும், உரிப்பது பாதியாகும். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள் இல்லையா, அந்தத் திமிர். கொட்டகைப் பொம்பளைகள் எல்லாரையும் கைநாட்டு வைக்கச் சொல்லி ஒரு மனு தயார் பண்ணினேன். கஞ்சித் தொட்டியை எங்கள் கொட்டகைத் தெருவுக்கே மாற்ற வேண்டும் என்று. நல்ல எழுத்தில் அதை எழுதிக் கொடுத்தது நீ. எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாய். மறந்துவிட்டாயா? தாலூகா ஆபீசில் ஒரு நாள் பூராவும் நின்று அதைத் தாசில்தார் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரே வாரத்தில் தொட்டி வந்துவிட்டது. அன்றைக்குத் தெருவில் நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், கலெக்டர் கெட்டார்.

தொட்டி எங்கே வந்தது தெரியுமா? நம் முதலாளியின் கிடங்குத் தாழ்வாரத்தில். இடம் நான் தருகிறேன், விறகும் நான் தருகிறேன் என்று அவரே முன்னால் போய் நின்றிருக்கிறார். விறகு என்ன விறகு, நாங்கள் உரித்துப் போட்ட மல்லாட்டைத் தோல்தான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அது. அதிகாரிகள் வந்து மாலை போட்டார்கள், போட்டோ பிடித்தார்கள். மாலை வாடுவதற்குள், அன்றைக்கு மத்தியானமே, கொட்டகையில் கூழ் நின்றுவிட்டது. நாங்கள் சொம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். முதலாளி வந்து நின்று சிரித்தார். "அதான் எதுத்தாப்புல சர்க்காரே ஊத்துதே, அப்புறம் நான் வேற எதுக்கு ஊத்தணும்? போங்க, போய் வாங்கிக் குடிச்சிட்டு சட்டுனு வாங்க." சர்க்கார் கஞ்சி எங்களுக்கு மேற்கொண்டு கிடைக்கும் என்று நினைத்தோம். அவர் கூழை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சர்க்கார் கஞ்சியை வைத்துவிட்டார். எங்களுக்கு முன்னால் எவ்வளவோ, பின்னாலும் அவ்வளவே. மிச்சம் பிடித்தது அவர். சர்க்கார் ஊற்றிய கஞ்சி எங்கள் வாய் வழியாக அவர் வயிற்றுக்குப் போனது, தம்பி. அதற்கு மனுப் போட்டவள் நான்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? தை மாசம் ரேஷனில் அரிசி கொஞ்சம் மலிவாகப் போட்டார்கள். உடனே மரக்காலுக்கு இரண்டு பைசா குறைத்தார். "அரிசி வெல எறங்கிப் போச்சில்ல, ஒங்களுக்கு எதுக்கு ஜாஸ்தி?" அதுதான் அந்த வரி. உன் வரி. மாசியில் கஞ்சித் தொட்டியை மூடினார்கள். கூழைத் திரும்ப ஊற்றுங்கள் என்று கேட்கப் போனோம். "கூழா? அதெல்லாம் அந்தக் காலத்து வழக்கம்" என்றார். மூன்று மாசத்தில் அது அந்தக் காலமாகிவிட்டது. ரேஷனில் அரிசி இல்லை என்று கை விரித்த வாரங்களிலும் அந்த இரண்டு பைசா திரும்பி வரவில்லை. சர்க்கார் கொடுக்கும்போது கூலி கீழே இறங்கத் தெரிந்துகொண்டது, நிறுத்தும்போது மேலே ஏறத் தெரியவில்லை. கொட்டகையில் எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். "நீ எழுதுன எழுத்துதாண்டி எம் புள்ள வாயில மண்ணப் போட்டுது" என்று ஒருத்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பல்கீசு அக்கா ஒருத்திதான் நடுவில் வந்து பிடித்தாள். "எழுதுனது தப்பில்ல. குடுக்கறவன் கையையே பாத்துகினு இருந்த, எடுக்கறவன் கையப் பாக்காம உட்டுட்ட" என்றாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சியையோ ரேஷனையோ குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். கூழ் நின்றுபோன அந்த மார்கழியில் அந்தக் கஞ்சியும் இல்லாவிட்டால் உன் தங்கை பிழைத்திருக்கமாட்டாள். பள்ளிக்கூடத்துச் சோறு இல்லாவிட்டால் உனக்கு அஞ்சாவது வரைக்கும்கூடப் படிப்பு இல்லை. "ஓசிச் சோறு போட்டா சனங்க சோம்பேறி ஆயிடும்" என்று முதலாளி வெற்றிலை மென்றுகொண்டு பேசுவார். ஓசிச் சோற்றில் உட்கார்ந்து கொழுத்தது யார் என்று எனக்குத் தெரியும். கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள், அவருக்குக் கஞ்சி வீடு தேடி வந்தது. அவருக்கு அதனால் நல்லதும் நடந்துவிடவில்லை. கூழ் போனதும் கை தேர்ந்தவள்கள் ஒவ்வொருத்தியாகக் கழன்றார்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போனால் வெயில்தான், ஆனால் கூலி கூட. அவர்கள் இடத்தில் சின்னப் பெண்களையும் கிழவிகளையும் உட்கார வைத்தார். மரக்காலுக்கு ஒரு கை பருப்பு உடைந்தது. உடைந்ததற்கும் எங்கள் கூலியில்தான் பிடித்தார்.

எனக்கு வெறி ஏறிவிட்டது. கோவில் வாசலில் மண்ணை வாரித் தூற்றிப் பார்த்தேன், வயிறு ஆறவில்லை. ஆனி மாசம், ஆடிப் பட்டத்துக்கு விதை போகிற நேரம். அவருக்கு வருஷத்தில் அதுதான் அறுவடை. காயின்மேல் தண்ணீர் தெளித்து ஊற வைத்தால் தோல் பொதுபொதுவென்று ஆகிவிடும், கண்ணை மூடிக்கொண்டு உரிக்கலாம், மூன்று மரக்கால் உரிக்கிறவள் ஆறு உரிப்பாள். எண்ணெய்க்குப் போகிற பருப்பில் சில இடங்களில் செய்வதுதான். விதைக்கு மட்டும் யாரும் செய்யமாட்டார்கள். மூட்டைக்குள் போனதும் பூசணம் பிடித்து முளை செத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, பளபளவென்று இருக்கும். நான் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டேன். "இவன் பேரு ஊருக்குள்ள நாறணும்" என்றேன். பல்கீசு அக்காவிடமும் சொன்னேன். "வேணாண்டி, அவன் மேல கோவம்னா அவன் மூஞ்சில துப்பு. விதைல கை வெக்காத" என்றாள். நான் கேட்கவில்லை. குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக எடுத்துக் காய்க் குவியலில் தெளித்தோம். மேஸ்திரி எங்கள் எச்சிலைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான், கையைப் பார்க்கவில்லை. பதினைந்து நாள் இப்படி நடந்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படி உரிக்கிறீர்கள் என்று முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். கூலி குறைத்தால்தான் சுறுசுறுப்பு வருகிறது என்று மேஸ்திரியிடம் சொன்னார். நான் உள்ளுக்குள் சிரித்த சிரிப்பு அந்தச் சாமிக்குத்தான் தெரியும்.

ஆடி பாதியில் வண்டிகள் வந்தன. விதை வாங்கிப் போன குடியானவர்கள். ஒருத்தன் நிலத்தைத் தோண்டி எடுத்த பருப்பைத் துண்டில் கொட்டிக் காட்டினான், கறுத்துக் குழகுழவென்று கிடந்தது. "மழ சரியா பெய்யல, நா என்ன பண்ணுவேன்" என்றார் முதலாளி. ஒருத்தன் சட்டையைப் பிடித்துவிட்டான். அதிகாரிகள் மாலை போட்டுப் போட்டோ பிடித்த அதே மனுஷன் கிடங்குக்குப் பின்பக்கமாக ஓடினார், வேட்டி அவிழ்ந்தது தெரியாமல். எனக்குத் தீபாவளியாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், அந்த ஒரு வாரம் வயிற்றில் பசி தெரியவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துக் குடியானவன் ஒருத்தனும் அவரிடம் விதை வாங்கவில்லை. வெளியூருக்கு அனுப்பி இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்தார், அப்புறம் கொட்டகையை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். இப்போது ஏதோ ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் குளிர்ந்துதான் இருக்கிறது.

ஆனால் அந்த ஆவணியில் ஒரு நாள், புதிதாக ஒரு பொம்பளை உரிக்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பண்ருட்டிச் சாலையில் ஒரு கிராமம். கை பழகவில்லை, ஒரு மரக்கால்கூடத் தேறவில்லை, விரலெல்லாம் ரத்தம். சொந்தமாக ஒரு காணி நிலம் இருப்பதாகச் சொன்னாள். "நிலம் இருக்கறவ எதுக்கும்மா இங்க வந்த?" என்று கேட்டேன். "வெதச்சது மொளைக்கலக்கா. தாலியில இருந்த குண்டுமணிய வித்து வாங்குன வெத. எல்லாம் அழுவிப் பூட்டுது." கொஞ்ச நேரம் உரித்துவிட்டு அவளே கேட்டாள். "ஈரம் பட்டாப்புல இருந்துச்சிக்கா. இங்கதான வாங்குனோம். இங்க எப்பிடிக்கா ஈரம் படும்?" அந்தப் பக்கம் பல்கீசு அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. "கோடை மழைல மூட்ட நனஞ்சிருக்கும்" என்றேன். அவள் நம்பிவிட்டாள். அன்றைக்கு என் வெற்றிலையை அவளுக்குக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க முடியும் எனக்கு? அவரை அடித்த அடியில் பாதி அவள் தலையில் விழுந்தது. அதிலும் அவளும் அவளைப் போல விதை போனவர்களும் கூலிக்கு வந்ததால் கொட்டகையில் ஆள் கூடிப் போய், "இஷ்டம் இருந்தா உரி, இல்லன்னா போ" என்று சொல்ல அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டது. கொட்டகை மூடும்வரை எங்கள் கூலி ஏறவே இல்லை.

இதைப் படித்துவிட்டு, அம்மா திருந்திவிட்டாள், பழி வாங்காதே என்று சொல்ல வருகிறாள் என்று நினைக்காதே. நான் சாமியாரிணி இல்லை. பழி வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஆள் தப்பக் கூடாது, அக்கம்பக்கத்தில் சிந்தக் கூடாது. விதையில் தண்ணீர் தெளித்து இன்னொருத்தி நிலத்தைக் கெடுக்கக் கூடாது. முதலாளிக்கு எது வலிக்குமோ அங்கே மட்டும் அடிக்க வேண்டும். இதை ஏழு வருஷமாக யோசித்து வைத்திருந்தேன், அந்த மனுஷன் திரும்ப வந்தால் என்ன செய்யலாம் என்று. அவர் வரவில்லை. நீ வந்திருக்கிறாய்.

உன் புத்திசாலித்தனத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ரேஷன் கார்டு முதுநகர்க் கடைக்கு எழுதியது. வாரம் முழுக்கச் சிதம்பரத்தில் உட்கார்ந்திருக்கும் பொம்பளைக்கு அந்த ஊர்க் கடைக்காரன் ஒரு படி அரிசி போடமாட்டான். இங்கே அரிசி வருகிற அன்றைக்கு வரிசையில் நிற்க ஆளும் இருக்காது. பள்ளிக்கூடத்துச் சோறு பிள்ளைக்குத்தான், அதுவும் பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் மத்தியானம் ஒரு வேளை. தாய்க்கு யார் போடுவது? அவளுக்குக் கிடைக்காத அரிசியைக் காட்டி அவள் கூலியைக் குறைக்கிறாய். நம் பழைய முதலாளியாவது கண் எதிரே கஞ்சி ஊற்றின பிறகுதான் கூழை நிறுத்தினார். நீ அவரையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாய். கிடைக்கிறதாகவே வைத்துக்கொள். அது சர்க்கார் அவளுக்குக் கொடுத்தது. உனக்குக் கொடுத்ததில்லை. அதில் கை வைக்க நீ யார்?

நேற்று இருபது பேரையும் கூட்டி உட்கார வைத்து உன் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டிவிட்டேன். என் பிள்ளை எழுதியதை நான் மறைக்கவில்லை. அவர்கள் முடிவு இது: சிதம்பரத்தில் மற்ற கொட்டகைகளில் என்ன கூலியோ அது, அதோடு மத்தியானம் சாப்பாடு, அது கூலியில் சேர்த்தியே தவிர தர்மம் இல்லை. சர்க்கார் நாளைக்கு வீட்டுக்கு வீடு பிரியாணி போட்டாலும் இதில் கை வைக்கக் கூடாது. இதை உன் கையால் எழுதி வியாழக்கிழமைக்குள் பல்கீசு அக்கா பேருக்கு அனுப்பு, எனக்கு வேண்டாம். அனுப்பினால் இருபது பேரும் வருவார்கள். அவர்களைப் போல் பருப்பு உடையாமல் உரிக்கிறவர்கள் இந்த ஜில்லாவில் இல்லை, உன் விதை முளைக்கும், உன் பேரும் நிற்கும்.

அனுப்பாவிட்டால் நான் மட்டும் வருவேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, உன் வீட்டுக்கு வராமல் நேராகக் கொட்டகைக்கு வருவேன். உன் மாமனார், மருமகள், நீ அழைத்திருக்கிற அதிகாரிகள் எல்லாரும் பூஜைக்கு நிற்கும்போது, இருபது பேர் உட்கார வேண்டிய தரையில் நான் ஒருத்தி உட்கார்ந்து உரிக்க ஆரம்பிப்பேன். அம்மா எழுந்திரு என்று கையைப் பிடிக்காதே, நான் அன்றைக்கு உனக்குக் கூலிக்காரி. சாயங்காலம் நீ குறைத்துப் பேசச் சொன்ன அந்தக் கூலியை எண்ணி என் முந்தானையில் போடு. அதை வைத்துக்கொண்டு எதிர்க் கடையில் என்ன அரிசி கிடைக்குமோ அதை வாங்கி, உன் கொட்டகை வாசலில் மூன்று கல் வைத்துப் பொங்கித் தின்பேன். போதாவிட்டால் பட்டினி கிடப்பேன். மறுநாளும் வந்து உட்காருவேன். உன் வீட்டுச் சோறு ஒரு பருக்கை, உன் வீட்டுத் தண்ணீர் ஒரு மடக்கு என் தொண்டையில் இறங்காது. மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு வந்தால், "பெத்தவளுக்குக் கூலி பத்தாதுன்னு ஒம் புருஷனுக்குத் தெரிஞ்சிட்டுதா, கேட்டுட்டு வா" என்று அவளைத் திருப்பி அனுப்புவேன்.